பேஸ்போலுக்குள் அரசியலை யார் கொண்டுவந்தது?

2025 ஒக்டோபர் 25, காலை

நியூ ஜேர்சியில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி: “32 வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவின் புளூ ஜேஸ் பேஸ்போல் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸுக்கு வந்திருக்கிறது. ஆசையோடு உட்கார்ந்தால் இடையில் ரீகனின் குரலில் இறக்குமதி வரி விளம்பரம். பேஸ்போலையாவது அரசியல் இல்லாமல் பார்க்க விடமாட்டார்களா? முந்தி இப்படி இருந்ததா அண்ணை?”

இருந்தது தம்பி. நீர் பிறக்க முந்தியே இருந்தது.

அந்த விளம்பரம் ஒன்ராறியோ மாகாண அரசு கொடுத்தது. 1987 ஏப்ரலில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ரீகன் வானொலியில் இறக்குமதி வரிகளுக்கு எதிராகப் பேசியதிலிருந்து வெட்டி எடுத்தது. அதைக் காரணம் காட்டி வியாழன் இரவு ட்ரம்ப் கனடாவோடு வர்த்தகப் பேச்சை முறித்துக்கொண்டார். திங்கட்கிழமை நிறுத்துகிறேன், முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் மட்டும் ஓடட்டும் என்று ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட் சொல்லிவிட்டார். வேர்ல்ட் சீரிஸ் பார்க்கும் அமெரிக்கர்களைக் குறிவைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசியல் இங்கே வழிதவறி வந்து விழவில்லை.

அந்த விளம்பரம் ஓடிய முதல் ஆட்டத்தில்தான், நேற்று வெள்ளி இரவு, ஆறாவது இன்னிங்ஸில் எங்களுக்கு ஒன்பது ஓட்டங்கள். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அடிசன் பார்ஜர் மூன்று தளமும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்தார். மாற்றாக இறங்கிய ஒருவர் வேர்ல்ட் சீரிஸில் கிராண்ட் ஸ்லாம் அடித்தது அதுதான் முதல் தடவை. 11க்கு 4. மேல்வீட்டுக்காரர் தரையில் குதித்த சத்தம் எங்கள் வீட்டு விளக்கை ஆட்டியது. விளம்பரம் அந்தச் சந்தோசத்தில் ஒரு துளியையும் குறைக்கவில்லை.

2025 ஒக்டோபர் 25, இரவு

விளம்பரத்தை நிறுத்தாததற்காக இன்னும் 10 வீதம் வரி போடுவதாக ட்ரம்ப் இன்று அறிவித்திருக்கிறார். இரண்டாவது ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, எதிரணியான லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸின் யமமோட்டோ ஒருவரே ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து முடித்தார்.

முந்தி இருந்ததா என்று கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும். 1992 ஒக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை, அத்லாந்தாவில் இரண்டாவது ஆட்டம். நாங்கள் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு 12 வயது. ஸ்காபரோவில் ஒரு அறை, அதற்குள் ஆறு பேர், 14 அங்குல தொலைக்காட்சி. தேசிய கீதத்துக்கு அமெரிக்க மரீன் படையினர் கொடிகளைக் கொண்டுவந்தார்கள். கனடாக் கொடி தலைகீழாக இருந்தது. மேப்பிள் இலையின் காம்பு வானத்தைப் பார்த்தது.

முதலில் கவனித்தது அப்பாதான். அவருக்கு அப்போது பேஸ்போல் அரைகுறையாகத்தான் விளங்கும். உணவகக் குசினியில் கோப்பை கழுவும்போது அங்கிருந்த வானொலியில் ரொம் சீக்கின் நேர்முக வர்ணனையைக் கேட்டுக் கேட்டு எண்ணப் பழகியிருந்தார். ஆனால் கொடி விளங்கியது. “எங்கட கொடியைப் பாரடா, தலைகீழாப் பிடிச்சிருக்கிறாங்கள்” என்று எழும்பி நின்றார். எங்கள் அகதி விண்ணப்பம் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. இந்த நாடு எங்களை வைத்திருக்குமா, அனுப்புமா என்று தெரியாது. அந்த மனிதன் “எங்கட கொடி” என்றார்.

மூன்றாவது ஆட்டம் ரொறன்ரோவில். மரீன் படையினர் அந்தக் கொடியைச் சரியாகக் கொண்டுவரத் தங்களுக்கு ஒரு வாய்ப்புக் கேட்டு வந்தார்கள். ஸ்கைடோம் மைதானம் முழுக்கக் கைதட்டியது. அப்பாவும் தட்டினார்.

2025 ஒக்டோபர் 26

கொடி தலைகீழானது தற்செயல், அதை அரசியல் என்று சொல்லமுடியாது என்று ஒருவர். சரி, பிடித்தது தற்செயல். ஆனால் அந்த இரண்டு நாளும் இங்கே சனம் கொதித்தது தற்செயல் அல்ல. அடுத்த வீட்டுக்காரன் எங்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்ற பழைய மனக்குறை அது. இந்த வருடம் கனடா அமெரிக்காவின் “51வது மாநிலம்” என்ற பேச்சைக் கேட்டபோது கிளம்பியதும் அதே குறைதான்.

இன்னொருவர் எழுதுகிறார்: அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு விளையாடினார்கள். எந்தக் காலம்? கறுப்பினத்தவரான ஜாக்கி ரொபின்சன் 1944இல் இராணுவத்தில் இருந்தபோது பேருந்தின் பின்பக்கம் போகச் சொன்னதற்கு மறுத்து இராணுவ நீதிமன்றத்தில் நின்றார், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 1946இல் மொன்றியல் ரோயல்ஸுக்கு ஆடினார். 1947 ஏப்ரல் 15, புரூக்ளின். வெள்ளையர் மட்டும் ஆடிவந்த பெரிய லீக்கில் அவர் முதல் தளத்தில் போய் நின்றதே அரசியல். இந்த வருடம் மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் இணையத்தளத்தில் அவருடைய இராணுவ சேவை பற்றிய பக்கத்தை எடுத்துவிட்டு, சத்தம் எழும்பியதும் திரும்பப் போட்டது. ஏப்ரல் 15 அன்று எல்லா ஆட்டக்காரரும் அவருடைய 42ஆம் இலக்கம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு கதையை மட்டும் எடுத்துவிட முடியுமா?

2025 ஒக்டோபர் 26, பிந்தி

என் ஆள் ரொபின்சன் அல்ல. அவரை நான் படித்துத்தான் அறிந்தேன். என் ஆள் கார்லோஸ் டெல்காடோ.

1993 முதல் 2004 வரை எங்கள் அணி. 336 ஹோம் ரன், இன்றுவரை புளூ ஜேஸில் யாரும் தொடவில்லை. 2003 செப்டெம்பர் 25 அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தார், அன்றைக்கு நான் வேலையில். அடுத்த வருடம் ஈராக் போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஏழாவது இன்னிங்ஸில் ‘கோட் பிளெஸ் அமெரிக்கா’ பாடும்போது அவர் வெளியே வந்து நிற்க மறுத்தார். சுவரொட்டியும் இல்லை, பேச்சும் இல்லை. டக்அவுட்டில் இருந்துவிட்டார், அவ்வளவுதான். ஜூலையில் செய்தி வெளியே வந்ததும் நியூ யோர்க்கில் ஒவ்வொரு தடவையும் கூக்காட்டினார்கள்.

எல்லோரும் ஈராக்கைப் பற்றிப் பேசினார்கள். அவர் மனதில் வியெக்கெஸும் இருந்தது. அவர் பிறந்த போர்ட்டோ ரிக்கோவை அடுத்துள்ள சின்னத் தீவு. அமெரிக்கக் கடற்படை அதன் காணியை எடுத்து அறுபது வருடம் குண்டு போட்டுப் பழகியது. 1999 ஏப்ரலில் குறி தவறிய குண்டில் டேவிட் சானெஸ் என்ற காவலாளி செத்தார். அதற்குப் பிறகு சனம் எழும்பியது. டெல்காடோ, ரொபேர்ட்டோ அலோமார் போன்றவர்கள் பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டார்கள். 2003 மே 1 கடற்படை வெளியேறியது.

இதைப் படித்த அன்று நான் அப்பாவுக்குச் சொன்னேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் மயிலிட்டி. 1990 ஜூனில் ஓடினோம், பிறகு ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். அப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, “அவனுக்குக் கடல் கிடைச்சிட்டுதோ?” என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் டெல்காடோ அடிக்க வந்தபோது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

2025 ஒக்டோபர் 28

மூன்றாவது ஆட்டம், 18 இன்னிங்ஸ். விடிய மூன்று மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது டொட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் முடித்துவைத்தார். வேலைக்கு நாலு மணித்தியால நித்திரையோடு போனேன்.

கனடா கீதம் பாடிய ஜே.பி. சாக்ஸ் ஒரு சொல்லை மாற்றியதைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். “எங்கள் வீடும் பிறந்த மண்ணும்” என்று வரவேண்டிய வரி, பூர்வகுடிகளின் மண்மீது எங்கள் வீடு என்று பொருள்படப் பாடப்பட்டது. ஜூலி பிளாக் 2023இல் கூடைப்பந்து ஓல் ஸ்டார் ஆட்டத்தில் இதே வரியை இப்படித்தான் பாடினார். எனக்கு அது பிடித்தது. காணி பறிபோன குடும்பம் ஒன்று, இன்னொருவரிடம் பறித்த காணியில்தான் வந்து இறங்கியிருக்கிறது. இதை எனக்குச் சொல்லித்தர ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது.

2025 ஒக்டோபர் 29

திருத்தம். டெல்காடோ பற்றி எழுதியபோது ரொறன்ரோவிலும் அவர் அப்படி மறுத்ததாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க மைதானங்களில் வந்த வழக்கம். வெளியூர் ஆட்டங்களில்தான் இந்தப் பிரச்சினை. இங்கே எங்கள் முன்னால் அவர் எதையும் மறுக்கவேண்டி வரவில்லை. நாங்கள் அவரைக் கைதட்டி ஆதரித்தோம் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. எங்களுக்கு அது செலவில்லாத ஆதரவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2005 நவம்பரில் நியூ யோர்க் மெட்ஸுக்கு மாற்றப்பட்டதும் அணியின் விதிப்படி நிற்கச் சம்மதித்தார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று வரவில்லை. வேலை இடத்தில் முதலாளி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு மனதில் வேறொன்றை வைத்திருக்காதவர் யார்? மெட்ஸில் அவர் போட்டது 21ஆம் இலக்கம், போர்ட்டோ ரிக்கோவின் பழைய ஆட்டக்காரர் ரொபேர்ட்டோ கிளெமென்டேயின் இலக்கம். நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31 அன்று இறந்த மனிதர்.

2025 ஒக்டோபர் 30

இன்று ஆட்டம் இல்லை. 3க்கு 2 நாங்கள் முன்னால். நேற்று 22 வயது யெசவேஜ் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். கை நடுங்குகிறது, அதனால் எழுதுகிறேன்.

கேள்வி: டொட்ஜர்ஸ் பணக்கார அணி, ஏப்ரலில் வெள்ளை மாளிகைக்குப் போய்ப் படம் எடுத்தவர்கள். அவர்களை வெறுக்க இன்னும் என்ன வேண்டும்?

மைதானத்தில் நானும் வெறுக்கிறேன். ஆனால் அந்த மைதானத்தின் கதையைத் தெரிந்துகொண்டு வெறுங்கள். டொட்ஜர் ஸ்டேடியம் நிற்கும் சாவேஸ் ரவீனில் பாலோ வேர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று ஊர்கள் இருந்தன. மெக்சிக்கோ வம்சாவளிக் குடும்பங்கள், கோழி, ஆடு, தோட்டம். 1950இல் அரசு வீடமைப்புத் திட்டத்துக்குக் காணி தேவை என்று கடிதம் வந்தது. சனம் போனது, திட்டம் கைவிடப்பட்டது, இடம் கடைசியில் டொட்ஜர்ஸுக்குப் போனது. 1959 மே 8, போகமாட்டோம் என்று நின்ற அரெச்சிகா குடும்பத்தை அதிகாரிகள் இழுத்து வெளியேற்றினார்கள். ஒரு பெண்ணைக் கையிலும் காலிலும் பிடித்துப் படியால் தூக்கி இறக்கும் படம் இருக்கிறது. அவள் முதுகு வளைந்து தொங்குகிறது. அந்தப் படத்தை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1962 ஏப்ரலில் மைதானம் திறந்தார்கள்.

மெக்சிக்கோக்காரர் பலர் அங்கே கால் வைக்காமல் இருந்தார்கள். 1981இல் சொனோரா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஃபெர்னாண்டோ வலென்சுவேலா வந்தார். 20 வயது. எறியும்போது கண் வானத்தைப் பார்க்கும். அந்த வருடம் அவர் தொடங்கி எறிந்த முதல் எட்டு ஆட்டத்திலும் வெற்றி, அதில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ஓட்டமும் இல்லை. அதற்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. போன வருடம் ஒக்டோபர் 22 அவர் இறந்தார், வேர்ல்ட் சீரிஸுக்கு மூன்று நாள் முந்தி.

இந்த ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸில் குடிவரவுக் கைதுகள் நடந்தபோது அணி வாய் திறக்கவில்லை. ஜூன் 14 அன்று நெஸா என்ற பாடகி அமெரிக்க கீதத்தை ஸ்பானிஷில் பாடினார். அதே நாள் டொட்ஜர்ஸ் ஆட்டக்காரர் கிகே ஹெர்னாண்டஸ் தன் இணையப் பக்கத்தில் சனத்துக்காக எழுதினார். 19ஆம் திகதி அதிகாரிகளின் வாகனங்கள் வந்தபோது உள்ளே விடவில்லை என்றது அணி. தாங்கள் வந்தது மைதானத்துக்காக அல்ல என்றது அரசுத் தரப்பு. அடுத்த நாள் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 10 இலட்சம் டொலர். பிந்தித்தான் செய்தார்கள், குறைவாகத்தான் செய்தார்கள். அந்த நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவதா விடுவதா என்று அங்கே குடும்பங்களுக்குள் சண்டை. அந்தச் சண்டையை நான் மதிக்கிறேன். தொப்பி அவர்களுடையது, காணியும் அவர்களுடையது.

மயிலிட்டித் துறைமுகமும் சுற்றியிருந்த கொஞ்சக் காணியும் 2017 ஜூலையில் விடுபட்டன. அடுத்த வருடம் அப்பா போய்ப் பார்த்தார். வீடு இல்லை. கிணற்றுக்கட்டு இருந்தது. அதில் சிறு வயதில் நான் ஆணியால் கீறிய என் பெயரின் முதல் இரண்டு எழுத்தும் இருந்ததாகப் படம் எடுத்து அனுப்பினார். படத்தில் பாசி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இருந்தது என்று அவர் சொன்னால் இருந்தது.

2025 நவம்பர் 2

கடைசி, ஏழாவது ஆட்டம். 11 இன்னிங்ஸ். 5க்கு 4, தோற்றோம்.

ஒன்பதாவதில் இரண்டு பேரை வெளியேற்றினால் போதும், டொட்ஜர்ஸின் றோஹாஸ் அடித்துச் சமப்படுத்தினான். அதே இன்னிங்ஸின் பின்பாதியில் எங்கள் கைனர்-ஃபலேஃபா வீட்டுத் தளத்தில் நூலிழையில் அவுட். கடைசியில் கெர்க்கின் மட்டை உடைந்தது, இரட்டை அவுட், முடிந்தது.

எழுத முடியவில்லை. மகள் அழுதுகொண்டே நித்திரையானாள்.

2025 நவம்பர் 5

தம்பி திரும்பக் கேட்டிருக்கிறார்: “நீங்கள் சொல்வது எல்லாம் ஆட்டக்காரரும் அணியும். பார்க்க வந்த சனத்துக்கு என்ன? நான் காசு கொடுத்து நிம்மதியாகப் பார்க்க வருகிறேன். பக்கத்தில் இருப்பவரின் அரசியலை ஏன் கேட்கவேண்டும்?”

நியாயமான கேள்வி. இதற்கு நான் ஒரு தடவை மறுபக்கத்தில் இருந்திருக்கிறேன்.

2009 மே 10, ஞாயிறு, அன்னையர் தினம். முள்ளிவாய்க்காலில் அந்த வார இறுதியில் விழுந்த எறிகணைச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. வாரக்கணக்காக ரொறன்ரோ யூனிவர்சிட்டி அவெனியூவில் போராட்டத்தில் நின்றோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை சனம் ஸ்படைனா ஏற்றத்தால் கார்டினர் அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறியது. நானும் ஏறினேன். தள்ளுவண்டியில் பிள்ளைகளோடு தாய்மார் முன்னுக்கு நின்றார்கள். வெறும் காலால் நிற்கும் சாலை அல்ல அது. தார் இன்னும் சூடாக இருந்தது. காற்றில் ரயர் மணம். இரண்டு பக்கமும் வாகன விளக்குகள் வரிசையாக நின்றுவிட்டன. வடக்கே திரும்பினால் புளூ ஜேஸின் மைதானம், முந்திய ஸ்கைடோம், இப்போதைய ரோஜர்ஸ் சென்ரரின் வெள்ளைக் கூரை, அவ்வளவு கிட்ட. நடுச்சாமம் மட்டும் நின்றோம்.

அடுத்த நாள் மாலை ஆட்டம். எங்கள் பிட்சர் ஹலடேக்கு எதிராக, எங்களை விட்டு நியூ யோர்க் யாங்கீஸுக்குப் போன பேர்னட். ஒரு மாதம் முந்தியே வாங்கி வைத்த ரிக்கெற், 500ஆம் தட்டு. போவதா என்று பகல் முழுக்க யோசித்தேன். அம்மா, “போ, வீட்டில இருந்து செய்தி பாத்து என்ன செய்யப்போறாய்” என்றார். போனேன். போனதற்காக இன்றும் ஒரு குற்றவுணர்வு இருக்கிறது.

எனக்கு முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர், ஐந்து வயது மதிக்கத்தக்க மகன், இன்னும் இரண்டு நண்பர்கள். முதல் இன்னிங்ஸ் முடியவில்லை, கார்டினர் பேச்சு தொடங்கிவிட்டது. இவர்களையெல்லாம் வந்த கப்பலிலேயே ஏற்றி அனுப்பவேண்டும் என்றார் நண்பர் ஒருவர். மற்றவர் சிரித்தார். அந்தத் தகப்பன் சிரிக்கவில்லை. ஞாயிறு மாலை மூன்று மணித்தியாலம் காரில் இருந்ததாகவும், பின் இருக்கையில் மூன்று மாதக் குழந்தைக்குக் கொண்டுவந்த பால் முடிந்து, குழந்தை கத்திக் கத்திக் குரல் அடைத்துப் போனதாகவும் சொன்னார்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். “நீயும் அங்கே இருந்தாயா?”

ஆம் என்றேன். என் மாமியின் குடும்பம் அந்த மணல் துண்டுக்குள் இருக்கிறது, ஒன்பது நாளாகத் தொடர்பில்லை என்றேன். அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் மகள் என்ன செய்தாள் உங்களுக்கு?” என்றார். எனக்குப் பதில் இல்லை. அவர் முன்பக்கம் திரும்பினார். ஹலடே ஒன்பது இன்னிங்ஸும் எறிந்தார், 5க்கு 1. நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆகவே தம்பி, பக்கத்தில் இருப்பவரின் அரசியலை ஏன் கேட்கவேண்டும் என்று நீர் கேட்கும்போது எனக்கு அந்த மனிதரின் முகம்தான் வருகிறது. அவர் நிம்மதியாகப் பார்க்க வந்தார். நானும் நிம்மதிக்காகத்தான் போனேன். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு அவருடைய குழந்தை தெரிந்தது, அவருக்கு என் மாமி தெரிந்தார்.

2025 நவம்பர் 6

திருத்தம். அடுத்த நாள் என்று எழுதிவிட்டேன். ஆட்டம் மே 12, செவ்வாய். நடுவில் திங்கள் இருந்தது. திங்கள் முழுக்கத் தொலைபேசிப் பக்கத்தில் இருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

நெடுஞ்சாலையை மறித்தது பிழை, அதனால்தான் இருந்த அனுதாபமும் போனது என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அம்புலன்ஸ் போகமுடியாமல் யாராவது செத்திருந்தால் என்கிறார். நான் இதை 16 வருடமாக யோசிக்கிறேன். திரும்ப அந்த மாலை வந்தால் ஏறுவேன். ஏறுவது சரி என்று அந்தத் தகப்பனுக்கு விளங்கவைக்க என்னால் முடியாது என்பதும் தெரியும்.

2025 நவம்பர் 7

றோய் ஹலடே இறந்த நாள். 2017. தன் சின்ன விமானத்தில் தனியாக. 40 வயது. இன்று வேறெதுவும் எழுதவில்லை.

2025 நவம்பர் 10

பலர் கேட்ட இரண்டு விடயம், சுருக்கமாக.

2023 மே கடைசியில் எங்கள் பிட்சர் அந்தோனி பாஸ், ஓரினச் சேர்க்கையாளருக்கு ஆதரவு காட்டிய நிறுவனங்களைப் புறக்கணிக்கச் சொல்லும் பதிவு ஒன்றைப் பகிர்ந்தார். மன்னிப்புக் கேட்டார். ஜூன் 9 அணியை விட்டு எடுத்தார்கள். “டெல்காடோவுக்கு உரிமை உண்டென்றால் பாஸுக்கு இல்லையா?” சொல்ல உரிமை உண்டு. கூக்காட்ட எனக்கும் உண்டு, நியூ யோர்க்காரருக்கு டெல்காடோவிடம் இருந்ததுபோல. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. ஒருவர் தன் ஊர்மேல் குண்டு போடாதே என்றார். மற்றவர் பகிர்ந்தது, தன்னை ஒன்றும் செய்யாத மனிதர்களைக் கடையில்கூட வரவேற்காதே என்றது. இதில் நடுவில் நிற்க எனக்கு இடம் தெரியவில்லை.

மற்றது கொரோனாத் தடுப்பூசி. 2022 ஜூலையில் கன்சாஸ் சிற்றியின் பத்து ஆட்டக்காரர்கள் ஊசி போடாததால் எல்லை தாண்ட முடியவில்லை. சந்தோசப்பட்டேன், ஆள் குறைந்த அணியை வெல்லலாமே என்று. முதல் ஆட்டத்தில் அந்த மாற்றுப் பெடியளே எங்களை 3க்கு 1 வென்றார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் விற் மெரிஃபீல்ட். ஓகஸ்ட் 2 அவரை நாங்கள் வாங்கினோம், அவர் ஊசி போட்டுக்கொண்டார், நான் அவருக்குக் கைதட்டினேன். ஒரு மாதம் முந்தி அவரைத் திட்டி எழுதியவனும் நான்தான். அந்தக் கைதட்டலைப் பற்றி இன்னும் எனக்குள் ஒரு முடிவுக்கு வரவில்லை.

2025 நவம்பர் 16

“அப்படியென்றால் அமெரிக்க கீதத்துக்குக் கூக்காட்டலாமா?”

இந்தப் பெப்ரவரி 1, ட்ரம்ப் 25 வீத வரிக்குக் கையெழுத்துப் போட்ட நாள், ஒட்டாவா ஹொக்கி ஆட்டத்தில் கூக்காட்டினார்கள். அடுத்த நாள் ரொறன்ரோவில் கூடைப்பந்து. நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சல் எழும்பியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நாளும் “மன்னிக்கவும்” சொல்லிக்கொண்டிருந்த ஊர் ஒன்று வாய் திறந்தது போல இருந்தது. பிறகு கமெரா பாடுபவரைக் காட்டியது. 15 வயதுப் பெண்பிள்ளை. கூச்சலுக்குள் ஒரு வரியும் விடாமல் பாடி முடித்தாள். கனடா கீதத்தையும் அவள்தான் பாடினாள், அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

என் மகளுக்கு அப்போது 13. பக்கத்தில் இருந்தாள். “அவ என்ன செய்தவ?” என்று கேட்டாள். 2009இல் அந்தத் தகப்பன் கேட்ட அதே கேள்வி, அதே சொல்லில். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

நான் கூக்காட்டமாட்டேன். தொப்பியைக் கழற்றி நிற்பேன். கூக்காட்டுகிறவரை வாயை மூடு என்றும் சொல்லமாட்டேன். அவர் தொழிற்சாலை மூடப்பட்டு நிற்பவராக இருக்கலாம்.

2025 நவம்பர் 23

நவம்பர் 5 குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்துதான் விட்டேன். இரண்டு கிழமையாக அது உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை என்று எழுதினேன். பேசவில்லை, உண்மை. ஆனால் கடைசி அவுட் விழுந்ததும் 43,000 பேரும் எழும்பினார்கள். அந்தத் தகப்பன் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் வரிசையில் எல்லோருக்கும் கையை உயர்த்தி அடித்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பினார். பின்வரிசைக்கும் அடித்தார். எனக்கு முன்னால் வந்ததும் கை ஒரு கணம் நின்றது, பிறகு என்னிடமும் நீட்டினார். மகனும் மேலிருந்து தன் சின்னக் கையை நீட்டினான்.

நான் என் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாமி குடும்பத்தில் மூன்று பேர் பிறகு முகாமிலிருந்து வெளியே வந்தார்கள். மாமி வரவில்லை. அந்தச் செய்தி வந்தது ஜூனில். மே 12 அன்று எனக்கு எதுவும் தெரியாது, வெறும் கோபம்தான் இருந்தது. அவருடைய நண்பர் சொன்ன கப்பல் பேச்சுக்கான கோபத்தை அவர்மேல் காட்டினேன். அந்தப் பையனுக்கு இப்போது 21 இருக்கும்.